ஆண்டுக்கொரு வெள்ளை

குடும்பச் செலவின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர்கள் அரிசி விலையையும் துணி விலையையும் பொன் விலையையும் ஆராய்வார்களேயன்றி, வீட்டுச் சுவருக்குப் பூசிய பூச்சுக்கு ஆன செலவைப் பொருட்படுத்துவது அபூர்வம். ஆயினும், ஒரு குடும்பம் தன் பணத்தையும் உழைப்பையும் காலத்தையும் எவ்வாறு மதித்தது என்பதை வெளிப்படையாகக் காட்டும் சாட்சி அந்தச் சுவரே. இன்று படுக்கையறை ஒன்றுக்கு வர்ணம் பூச நினைக்கும் நடுத்தரக் குடும்பத்தார், கடையில் நிற அட்டையைப் புரட்டி, லிட்டர் என்ன விலை, எத்தனை ஆண்டு உழைக்கும், ஆள்கூலி எவ்வளவு என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தபின், பல சமயம் அந்தக் காரியத்தை அடுத்த ஆண்டுக்கு ஒத்திப்போட்டு விடுகிறார்கள். அவர்களுடைய பாட்டனார் காலத்திலோ அது ஒத்திப்போடும் காரியமாக இருக்கவில்லை. தை பிறப்பதற்கு முன் ஆண்டுதோறும் நடந்தே தீரவேண்டிய கடமை அது. கையில் ரொக்கம் இல்லாதவர்களும் அதை எப்படியோ நிறைவேற்றினார்கள். பொருள்கள் அருகியிருந்த காலத்தில் எளிதாக இருந்த ஒரு செலவு, பொருள்கள் பெருகிய காலத்தில் கடினமானது எவ்வாறு என்று அறிய விரும்பினால், சுண்ணாம்பின் கதையிலிருந்தே தொடங்க வேண்டும்.

தமிழில் பள்ளியறையை விரிவாக வருணிக்கும் மிகப் பழைய பகுதிகளுள் ஒன்று நெடுநல்வாடையில் இருக்கிறது. பாசறையில் இருக்கும் அரசனைப் பிரிந்து வருந்தும் அரசியின் அறையைக் காட்டப் புகுந்த நக்கீரர், வெள்ளியென விளங்கும் சுதைப் பூச்சையும், செம்பினாற் செய்தாற் போன்ற உறுதி வாய்ந்த நெடுஞ்சுவரையும், அந்தச் சுவரில் பல மலர்களோடு வளைந்து செல்லும்படி எழுதிய கொடி ஓவியத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். உறுதியான சுவர், அதன்மேல் வெண்சுதை, அலங்காரத்துக்கு ஓர் ஓவியம் என்று இன்றைய வீட்டலங்காரத்தின் மூன்று படிகளும் அங்கே முறையாக அமைந்திருப்பதைக் காண்கிறோம். ஆனால் அது அரண்மனை. ஊரில் வாழ்ந்த பெரும்பான்மையோருக்குச் சுவர் என்பது மண்சுவர். அதற்குப் பூச்சு என்பது சாணமும் செம்மண்ணுந்தான். அந்தப் பூச்சு மழையில் கரையும், வெயிலில் வெடிக்கும். ஆதலால் அதைத் திரும்பத் திரும்பப் புதுப்பிப்பதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டுச் சுவர் அடிக்கடி கைபட வேண்டிய பொருள் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் வேரூன்றியதற்கு மண்சுவரே முதற் காரணமாக இருந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு பின்னர் அந்தப் பழக்கத்தின் மேல் வந்து அமர்ந்தது.

சுண்ணாம்பு இந்நாட்டுக்கு இயற்கை அளித்த தாராளமான கொடைகளுள் ஒன்று. உள்நாட்டில் சுக்கான்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கிடைத்தன. கடலோரத்திலும் கழிமுகங்களிலும் கிளிஞ்சல் குவிந்து கிடந்தது. கிளிஞ்சலையும் கரியையும் அடுக்கடுக்காகக் காளவாயில் இட்டுத் தீ மூட்டினால், ஏறக்குறைய 900 பாகை வெப்பத்தில் அதிலுள்ள கரியமிலவாயு பிரிந்துபோய்ச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் நீரை விட்டுத் தாளித்தால் அது கொதித்துப் பொங்கி, வெண்ணெய் போல் குழைந்து நீர்த்த சுண்ணாம்பாகும். அதைச் சுவரில் பூசியபின், முன்பு இழந்த கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று, மறுபடியும் கல்லாகவே இறுகும். ஆகவே வெள்ளையடித்த சுவர் என்பது, உண்மையில், மிக மெல்லிய கல்லொன்றைப் போர்த்திய சுவராகும். கடையிலிருந்து வேறு பசையோ எண்ணெயோ வாங்கிச் சேர்க்கும் அவசியமின்றித் தன்னைத் தானே இறுக்கிக்கொள்ளும் இந்தக் குணமே சுண்ணாம்பின் மலிவுக்கு மூலகாரணம்.

சென்னை நகரம் வளர்ந்தபோது அதன் சுவர்களுக்கு வேண்டிய சுண்ணாம்பில் பெரும்பகுதி கிளிஞ்சலிலிருந்தே கிடைத்தது. 1806-ஆம் ஆண்டளவில் நகரத்துக்கு வடக்கே தனியார் முயற்சியாக வெட்டத் தொடங்கிப் பின்னர் அரசாங்கத்தின் கைக்கு வந்த கால்வாய், 1870-களின் பிற்பகுதியில் நேர்ந்த பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக விரிவுபெற்று, அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைத் தாங்கியது. அதன் வழியே விறகும் உப்பும் வந்த படகுகளில் கிளிஞ்சலும் நகரத்துக்கு வந்து இறங்கியது. அந்தச் சுண்ணாம்பைக் கொண்டு நம் கொத்தர்கள் செய்த பளபளப்பான காரை, பளிங்கோ என்று ஐரோப்பியப் பிரயாணிகளை மயங்கச் செய்த புகழுடையது. செயின்ட் ஹெலினா தீவின் கவர்னராக இருந்த ஐசக் பைக் என்பவர், சென்னையில் சிறந்த காரை செய்யும் முறையை விவரித்து எழுதியனுப்பிய குறிப்பு, 1730-களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் வெளியாயிற்று. வெல்லக் கரைசல், வேகவைத்த பயற்றுநீர், கடுக்காய் நீர் ஆகியவற்றைக் காரையில் சேர்ப்பதையும், மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் நெய்யும் தயிரும் கலப்பதையும் அதில் வாசிக்கும்போது, ஒரு சமையற் குறிப்பைப் படிக்கிறோமோ என்ற ஐயம் எழும். 1802-இல் கட்டி முடித்து இன்று ராஜாஜி மண்டபம் என்று வழங்கும் விருந்து மண்டபத்திலும், பிற்காலத்துச் செட்டிநாட்டு மாளிகைகளிலும், கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய இத்தகைய சுவர்களை ஜனங்கள் கண்டார்கள்.

அந்த மெருகுக் காரை தனவந்தர்களுடையது. வெண்கருவும் நெய்யும் வாங்குவதற்குப் பணம் வேண்டும். ஒரு சுவரை நாட்கணக்கில் தேய்ப்பதற்குக் கொத்தர்களை வைத்துக்கொள்ளவும் வேண்டும். ஒருமுறை செய்துவிட்டால் தலைமுறைகள் வரை நிற்கும் என்பதே அதன் பெருமை. சாதாரணக் குடும்பஸ்தருக்கு அது எட்டாதது. ஆனால் அதே காளவாயில் வெந்த அதே சுண்ணாம்பை, வாளித் தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சுவரில் அடிப்பது அவருக்கு எட்டியது. அந்தப் பூச்சு ஓர் ஆண்டுக்குள் அழுக்கேறும், உதிரும், தோளில் ஒட்டும். ஆயினும் அதைத் திரும்ப அடிப்பதற்கு ஆகும் செலவும் அற்பமே. நீடித்து நிற்பதைப் பணக்காரர் வாங்கினார். ஏழை அதற்குப் பதிலாக ஆண்டுதோறும் புதுப்பிக்கும் உரிமையை வைத்துக்கொண்டார். சிக்கனம் என்பதற்கு நம் முன்னோர் கண்ட வழிகளுள் இது ஒன்று: பெருஞ்செலவை ஒரே தடவையாகத் தலையில் ஏற்றிக்கொள்ளாமல், ஆண்டுகளின் மீது பரப்பிவிடுவது.

வெள்ளையடிப்பதற்கு அவர்கள் தேர்ந்துகொண்ட காலமும் அறிவுபூர்வமானது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து சுவர்கள் ஓதம் ஏறி, பாசி படர்ந்து, காரை பெயர்ந்து நிற்கும். மார்கழியில் மழை ஓய்ந்து வறண்ட காற்று வீசத் தொடங்கும். கோடை வெயில் வரும்வரை காத்திருந்தால், அடித்த சுண்ணாம்பு இறுகுமுன் உலர்ந்து பொடியாகும். மழையிலேயே அடித்தால் ஒட்டாமல் வழியும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களே சுண்ணாம்பு நன்கு பற்றும் பருவம். அதன் முடிவில் போகிப் பண்டிகை நிற்கிறது. பழையன கழித்துப் புதியன புகுத்தும் சம்பிரதாயமும் சீதோஷ்ணத்தின் நியாயமும் இங்கே ஒன்றாய்ப் பொருந்திவிட்டன. பண்டிகை என்ற ஒரு கெடு இருந்தபடியால், வேலையைத் தள்ளிப்போடும் மனித சுபாவத்துக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று.

வேலையின் முறையும் வீட்டாருக்கு மனப்பாடம். பானையில் தாளித்த சுண்ணாம்பை ஓரிரவு ஊறவிட்டு, மறுநாள் துணியில் வடிகட்டி, பிடிமானத்துக்குக் கஞ்சியோ வச்சிரப் பசையோ, சிலர் உப்போ சேர்ப்பார்கள். சாமான்களையெல்லாம் முற்றத்துக்குக் கொண்டுவந்து, பரணை ஒழித்து, ஒட்டடை அடித்து, பழைய பூச்சில் உதிர்வதைச் சுரண்டி எடுத்தபின், நுனியை நசுக்கி நாராக்கிய மட்டையால் முதற்பூச்சை மேலிருந்து கீழாகவும், அது காய்ந்ததும் அடுத்ததைக் குறுக்காகவும் அடிப்பார்கள். அடிக்கும்போது நீர்போல் தெளிவாகத் தெரிந்த பூச்சு, உலர உலர வெண்மை பெறும். அந்த வெண்மையில் மஞ்சள் சாயல் தெரியாதிருக்கச் சிறிது நீலம் கலப்பதும் வழக்கம். துணி வெளுக்கவும் சுவர் வெளுக்கவும் பயன்பட்ட அந்த நீலத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. லாபிஸ் லாசுலி என்னும் கல்லை இடித்து எடுத்தபோது பொன்னுக்கு நிகரான விலை பெற்றிருந்த அல்ட்ராமரீன் நீலத்தைச் செயற்கையாகச் செய்யும் வழிக்கு 1824-ஆம் ஆண்டு பிரான்ஸில் ஒரு சங்கம் 6,000 பிராங்க் பரிசு அறிவித்தது. கீமே என்ற ரசாயனி 1828-இல் அதைப் பெற்றார். ஐரோப்பிய ஓவியர்கள் தேவமாதாவின் ஆடைக்கென்று ஒதுக்கிவைத்திருந்த நிறம், அதன்பின் நம் ஊர்ப் பலசரக்குக் கடையில் சில்லறைக் காசுக்கு விற்கும் சரக்காயிற்று. சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கக்கூடிய நிறங்கள் சிலவே. காவி, மஞ்சட் காவி, இந்த நீலம் என்பவை அவற்றுள் முக்கியமானவை. பழைய வீடுகளின் நிறங்கள் ஊர்தோறும் ஒரே சாயலாக இருந்ததற்கு மக்களின் ரசனையை மட்டும் காரணமாகச் சொல்லிவிட இயலாது. ரசாயன நியமமும் அதில் பங்கு கொண்டிருந்தது.

இந்த வழக்கத்தில் அழகைத் தவிர ஆரோக்கியமும் அடங்கியிருந்தது. சுண்ணாம்பின் காரம் பூஞ்சையையும் பூச்சிகளையும் அடக்கும். 1896-இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றிப் பரவியபோது, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பதைச் சுகாதார அதிகாரிகள் தடுப்பு நடவடிக்கைகளுள் ஒன்றாகவே கொண்டார்கள். அதே சமயத்தில், இந்த வழக்கத்தைப் பொற்காலத்துச் சின்னமாகப் போற்றுகிறவர்கள் மறக்கக்கூடாத விஷயம் ஒன்றுண்டு. ரொக்கம் குறைவாகச் செலவாயிற்று என்றால், மீதி விலையை உழைப்பு கொடுத்தது என்று பொருள். காளவாயின் அனலில் நின்றவர்களும், சுண்ணாம்பு தெறித்துக் கண் எரிந்தவர்களும், விரலிடுக்கு வெந்தவர்களும், பண்டிகைக்கு முன் வீடு முழுவதையும் ஒழித்துக் கழுவிய பெண்களும் அந்தச் சிக்கனத்துக்குக் கணக்கில் எழுதாத கடன் கொடுத்தவர்கள்.

அக்காலத்து வீட்டில் படுக்கையறைக்குத் தனியாக வர்ணம் தீட்டும் பிரச்னையும் எழவில்லை. கூடத்தில் பாய் விரித்துப் பலர் உறங்கினர்; ஆடவர் திண்ணையிலும், கோடையில் மொட்டை மாடியிலும் படுத்தனர்; அறை என்று ஒன்றிருந்தால் அதில் நெல்லும் பெட்டியும் பாத்திரமும் இருந்தன. காலையில் பாயைச் சுருட்டிவிட்டால் படுக்கையறை மறைந்துபோகும். வீடு முழுவதற்கும் ஒரே வாளி, ஒரே வெள்ளை. அடியில் காவிப்பட்டை ஓடினால் அதுவே அலங்காரம். தனக்கென்று ஓர் அறை, அந்த அறைக்கென்று ஒரு நிறம் என்னும் ஆசை பிறப்பதற்கு முதலில் வீட்டின் அமைப்பே மாறவேண்டியிருந்தது. உத்தியோகத்தின் பொருட்டு நகரத்துக்கு வந்தவர்களின் குடியிருப்புகளும், 1961-இல் அமைந்த தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் கட்டிய வீடுகளும், ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒன்றோ இரண்டோ படுக்கையறைகள் என்ற புதிய பிரிவினையைச் சாமானியருக்கும் சாதாரணமாக்கின.

சுவரும் இதற்குள் மாறிவிட்டது. இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904-ஆம் ஆண்டு சென்னையிலேயே, கிளிஞ்சலைக் கொண்டே நடந்தது என்பது வியப்புக்குரியது. அந்த ஆலை நிலைக்கவில்லை. ஆனால் மதுக்கரையிலும் டால்மியாபுரத்திலும் தாழையூத்திலும் பின்னர் எழுந்த ஆலைகள், கொத்தனாரின் தொட்டியிலிருந்து சுண்ணாம்புக் காரையை அகற்றிவிட்டன. வர்ணத் தொழிலும் அதே காலத்தில் வளர்ந்தது. 1902-இல் ஹௌராவில் ஷாலிமார் கம்பெனியும், 1920-இல் பம்பாயில் பின்னாளில் நெரோலாக் என்று பெயர்பெற்ற ஸ்தாபனமும் தோன்றின. இரண்டாவது உலக யுத்தத்தால் அயல்நாட்டு வர்ணங்களின் வரவு தடைப்பட்டிருந்த 1942-இல், பம்பாய் நண்பர்கள் நால்வர் ஏஷியன் பெயின்ட்ஸ் கம்பெனியைத் தொடங்கினார்கள். 1954-இல் ஆர். கே. லக்ஷ்மண் வரைந்து கொடுத்த கட்டு என்னும் குறும்புக்காரப் பையன், கையில் தூரிகையும் வர்ண டப்பாவுமாக நாடெங்கும் கடைப்பலகைகளில் நின்றான். கிராமத்தில் பலருக்கு எனாமல் வர்ணத்தின் அறிமுகம் மாட்டுப் பொங்கலன்று கிடைத்தது. கொம்புக்கு வாங்கிய சிறு டப்பாவில் மிச்சமானது ஜன்னல் கம்பிக்குப் போயிற்று.

சுவருக்கு முதலில் வந்தது டிஸ்டெம்பர். சுண்ணத்தூளோடு பசையும் நிறமும் சேர்ந்த பொடியைத் தண்ணீரில் கரைத்து அடித்தால், வெள்ளையடிப்பதைவிடச் சிறிதளவே கூடுதலான செலவில், இளம்பச்சையும் ரோஜா நிறமும் வெளிர்நீலமும் நடுத்தரக் குடும்பத்தின் அறைகளுக்குள் நுழைந்தன. சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிற பொடி டிஸ்டெம்பருக்குப்பின் எண்ணெய் கலந்த டிஸ்டெம்பரும், அதற்குப்பின் துடைத்துக் கழுவத்தக்க எமல்ஷனும் வந்தன. படிக்குப் படி உழைக்கும் காலம் நீண்டது; விலையும் உயர்ந்தது. இந்த மாறுதலின் சாரம் முழுவதும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் எவரும் எதிர்பாராத விதமாகப் பதிவாகியிருக்கிறது. சுண்ணாம்பு வெள்ளையோ நிறச் சுண்ணாம்போ அடித்த சுவர்களை 14 மாதங்களுக்கு ஒருமுறையாவது மறுபடி அடிக்க வேண்டும் என்றும், எண்ணெய் வர்ணம் பூசியவற்றை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மறுபடி பூச வேண்டும் என்றும் அந்தச் சட்டம் விதித்தது. இந்த இரண்டு கெடுக்களுக்கு இடையே உள்ள தூரந்தான் நாம் ஆராயும் சரித்திரம். 14 மாதம் என்பது பண்டிகையின் கெடு. பஞ்சாங்கமே அதை நினைவூட்டும். 5 ஆண்டு என்பது முதலீட்டின் கெடு. அதை நினைவூட்டப் பண்டிகை எதுவும் இல்லை.

வர்ணத்தின் வெண்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எண்ணெய் வர்ணத்துக்கு வெண்மை அளித்துவந்தது ஈயத்திலிருந்து செய்த வெள்ளை. அதைக் கையாண்ட வர்ணக்காரர்களை அது நோயாளிகளாக்கிற்று. வீட்டு உட்புறங்களில் அதன் உபயோகத்தைக் கட்டுப்படுத்த 1921-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் ஓர் ஒப்பந்தம் கண்டது. நம் நாட்டிலோ, வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2017-ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத்தின் இடத்தைப் பிடித்தது டைட்டானியம் வெள்ளை. அதற்கு மூலப்பொருளான இல்மனைட், குமரிக் கடலோரத்து மணவாளக்குறிச்சியின் கருமணலில் நிறைந்திருக்கிறது. அம்மணலில் உள்ள மோனசைட்டை 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்து வேலையைத் தொடங்கியபின், இல்மனைட்டும் கப்பலேறலாயிற்று. 1946-இல் திருவனந்தபுரத்தில் அதிலிருந்து வெள்ளை செய்வதற்கென்றே ஒரு தொழிற்சாலை ஏற்பட்டது. கிளிஞ்சலாக இருந்தபோதும் கருமணலாக இருந்தபோதும் நம் சுவருக்கு வெண்மை கடற்கரையிலிருந்தே வந்தது. வேறுபாடு வழியில் இருக்கிறது. முன்னதை உள்ளூர்க் காளவாய் ஒன்றே முடித்துக் கொடுத்தது. பின்னதற்குக் கந்தகத் திராவகமும் பெருமூலதனமும் தேவைப்பட்டன.

இனி, இன்று ஒரு படுக்கையறைக்கு ஆகும் கணக்கைப் பார்ப்போம். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையில், கதவு ஜன்னல் நீங்கலாகச் சுவர் ஏறக்குறைய 400 சதுர அடி. எமல்ஷன் ஒரு லிட்டர், இரண்டு பூச்சுக்கு, சுவரின் தன்மையைப் பொறுத்து 100 முதல் 140 சதுர அடி வரை வரும். எனவே 3 அல்லது 4 லிட்டர் போதும். இதன் விலையைக் கேட்டு எவரும் திகைப்பதில்லை. திகைப்பு உண்டாவது, பழைய பூச்சைச் சுரண்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது, பட்டி பார்ப்பது, பிரைமர் அடிப்பது, அவற்றுக்கெல்லாம் ஆளுக்கு நாட்கூலி கொடுப்பது என்ற பட்டியலைப் பெயின்டர் ஒப்புவிக்கும்போதுதான். பழைய சுண்ணாம்புக்கு இந்த முஸ்தீபுகளில் பெரும்பகுதி வேண்டியிருக்கவில்லை. சென்ற ஆண்டுப் பூச்சின்மேல் இந்த ஆண்டுப் பூச்சு இயல்பாகப் பற்றிக்கொண்டது. பொடி உதிரும் சுண்ணாம்பின்மேல் எமல்ஷன் பற்றாது. ஓதம் ஏறும் பழஞ்சுவரின்மேல் அதை அடித்தால், உள்ளே அடைபட்ட ஈரம் வெளியேற வழியின்றிக் கொப்புளமாக எழும்பித் தோலாக உரியும். மலிவு என்று கருதி ஆரம்ப வேலைகளைக் குறைத்தவர்கள் இரண்டே ஆண்டுகளில் இருமடங்கு செலவழிப்பதற்குக் காரணம், புதிய பொருளைப் பழைய பொருளின் மனோபாவத்தோடு கையாண்டதே.

ஆகவே, சுண்ணாம்புக் காலத்துக்குத் திரும்புங்கள் என்று எவருக்கும் உபதேசிப்பது உசிதமன்று. அடுக்குமாடியின் வழவழப்பான சிமெண்டுச் சுவருக்கு அது பொருந்தாது. ஆண்டுதோறும் வீட்டை ஒழித்து மட்டை பிடிக்க இன்றைய குடும்பத்துக்கு நேரமும் இல்லை. பழஞ்சுவருள்ள கிராமத்து வீட்டுக்கு மட்டும் இன்றும் அதைவிட மலிவானதும் பொருத்தமானதும் வேறில்லை என்று தயங்காமல் கூறலாம். மற்றவர்கள் அந்த வழக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது அதன் பொருளன்று, அதன் கணக்கு. நம் முன்னோர் செலவைப் பகுத்தார்கள். பகுத்த செலவுக்கு ஒரு தேதி குறித்தார்கள். வீடு முழுவதையும் ஒரேயடியாகப் புதுப்பிக்கப் பணம் சேரட்டும் என்று காத்திருப்பவரின் சுவர்கள் பத்தாண்டுகள் அழுக்காகவே நிற்கும். பொங்கலுக்குப் பொங்கல் ஓர் அறை என்று வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு படுக்கையறைக்கு நாலு லிட்டர் வாங்கி, சுரண்டுவதையும் தேய்ப்பதையும் வீட்டாரே செய்து, அடிப்பதற்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்ளும் குடும்பம், நாலைந்து ஆண்டுகளில் வீட்டைச் சுற்றி வந்துவிடும்; அதற்குள் முதல் அறைக்கு மறுபடி முறை வந்துவிட்டிருக்கும். வர்ணத்தின் ஆயுளும் ஏறக்குறைய அவ்வளவே ஆதலால், பழைய வழக்கமும் புதிய பொருளும் இந்த ஏற்பாட்டில் ஒன்றுக்கொன்று முரண்படாமல் நிற்கும்.